பத்தாம் எண் கூண்டும் பூட்டிய நூலகமும்: பிள்ளைகளுக்குச் சரிபார்க்கச் சொல்லித்தருவது யார் வேலை?

கடற்கரை வாத்தியார் | செவ்வாய், இரவு 9.12

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில், கடலோரத்து அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கிறேன். நூலகப் பொறுப்பும் என் தலையில்தான். பொறுப்பு என்றால் என்னவென்று இங்கே உள்ள ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாவி, மூன்று பீரோ, ஒரு இருப்புப் பதிவேடு, யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் முதல் நாள் தூசி தட்டுவது.

போன ஐப்பசி மழையில் ஒரு சம்பவம். பாம்பனில் 10-ம் எண் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது என்று படத்தோடு ஒரு வாட்ஸாப் செய்தி ராத்திரியோடு ராத்திரியாக ஊரெல்லாம் சுற்றியது. காலையில் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. உண்மையில் ஏற்றியிருந்தது 1-ம் எண். கரும்பலகையில் படத்தை வரைந்து காட்டி (பள்ளியில் பிள்ளைகள் கையில் போன் கிடையாது, என் ஓவியமும் சொல்லும்படி இருக்காது) இதில் என்ன தப்பு என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசி பெஞ்சில் விசைப்படகு வைத்திருப்பவர் வீட்டுப் பையன் மட்டும் எழுந்தான். "சார், பின்னாடி நிக்கிற கப்பல் பாம்பனுக்குள்ள வரவே வராது. அது வேற துறைமுகம்" என்றான். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

சரி, 1-ம் எண்ணுக்கும் 10-ம் எண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று அடுத்து கேட்டேன். அவர்களுக்கும் தெரியாது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து கூண்டைப் பார்க்கிறோம். தேடிப் படித்தோம். 1 என்றால் தூரத்துக் கடலில் தாழ்வு நிலை உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது ஆபத்து இல்லை. 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும். 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம், புயல் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைப் பொறுத்து எண் மாறும். கடைசியாக 11. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு அந்தக் கூண்டு. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விட இதுதான் பிடித்தது.

அடுத்த வாரம் இன்னொன்று. மீன்பிடித் தடைக்காலம் 45 நாள் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பக்கத்தில் இருப்பவள் 61 என்றாள். முதலாமவள் நூலகப் புத்தகத்தையே கொண்டுவந்து காட்டினாள், அதில் 45 என்றுதான் அச்சாகியிருக்கிறது. "எங்கப்பா கடலுக்குப் போறவரு, அவருக்குத் தெரியாதா?" என்கிறாள் இன்னொருத்தி. 2017-ல்தான் நம் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளாக்கினார்கள். புத்தகம் அதற்கு முந்தியது. இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் தப்பு. புத்தகத்தைத் திருப்பிப் பதிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்பு வரை வந்த ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. நாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாரம் ஒரு நூலகப் பாடவேளை இருக்கிறது. அதைப் பாதி நாள் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். இந்த ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் இதை எப்படிச் சொல்லித்தருவது? இது என் வேலையா, இதற்கென்று ஒரு நூலகர் வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன் | செவ்வாய், இரவு 9.50

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியவில்லை. நீங்கள் பதிப்பு ஆண்டு, மூலம், சரிபார்ப்பு என்கிறீர்கள். முதலில் வாசிக்க வைப்போம். அப்புறம் சந்தேகப்படச் சொல்லித்தரலாம். எதையும் நம்பாதே என்று சின்ன வயதிலேயே சொன்னால் வாத்தியார் சொல்வதையும் நம்பமாட்டான், அப்பன் சொல்வதையும் நம்பமாட்டான். ஏற்கெனவே நம்புவதில்லை என்பது வேறு கதை.

அட்டவணைப் பெட்டி | செவ்வாய், இரவு 11.05

நான் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நூலகராக இருக்கிறேன். பதினோரு வருஷம். வாத்தியார் சார் கேட்டதற்கு என்னால் முடிந்த பதில்.

தொண்டி அண்ணே, வாசிப்பு முதலில், சரிபார்ப்பு பிறகு என்று பிரிக்க முடியாது என்பது என் அனுபவம். அந்த இரண்டு பெண்களும் 45-ஆ 61-ஆ என்று சண்டை போட்டபோது எத்தனை பக்கம் புரட்டியிருப்பார்கள் என்று சாரிடம் கேளுங்கள். வாசிக்கச் சொன்னால் வாசிக்காத பிள்ளை, பக்கத்தில் இருப்பவனைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் வாசிப்பான்.

என்னிடம் வரும் ஆறாம் வகுப்புக்கு முதல் வேலை ஒன்று கொடுப்பேன். 'ஆவுளியா பற்றி ஒரு புத்தகம் எடுத்து வா.' ஆவுளியா என்றால் கடல் பசு. எல்லோரும் மீன் அலமாரிக்கு ஓடுவார்கள். எங்கள் நூலகத்தில் டூயி பகுப்பு முறை (பொருள் வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்குவது), மீன்கள் 597. அங்கே இருக்காது. இல்லை மிஸ் என்று திரும்பி வருவார்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன். யாராவது ஒருத்தி அது குட்டிக்குப் பால் கொடுக்குமே என்று யோசித்து 599 பக்கம் போவாள், திமிங்கலத்துக்குப் பக்கத்தில் 599.55-ல் உட்கார்ந்திருக்கும். கடல் பசு மீன் இல்லை என்பதைப் பாடத்தில் பத்து முறை படித்திருப்பார்கள். அலமாரியில் தேடித் தோற்ற பிறகுதான் மண்டையில் ஏறும். பாக் விரிகுடாவில் 2022-ல் ஆவுளியாவுக்கென்றே 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தார்கள். நம் வாசலில் இருக்கிற உயிர். அதைத் தேடத் தெரியவில்லை என்றால் வேறு எதைத் தேடுவது?

அப்புறம் இந்த வருஷத்துக் கதை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதே ஆவுளியா பற்றிச் செயல்திட்டம் கொண்டுவந்தாள். கடைசியில் மூன்று நூல்களின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் அழகாக எழுதியிருந்தாள். ஒன்றை நான் படித்ததில்லையே என்று தேடினேன். மதிய இடைவேளை முழுக்கத் தேடினேன். பதிப்பகம் இருக்கிறது, அந்த ஆசிரியர் பெயரில் ஒருவர் இருக்கிறார், அப்படி ஒரு புத்தகம் மட்டும் உலகத்தில் இல்லை. மூன்றில் இரண்டு அப்படி. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவள் ஏமாற்ற நினைக்கவில்லை, இவ்வளவு விவரமாகச் சொல்கிறதே, பொய்யாக இருக்குமா என்று நம்பியிருக்கிறாள். பாட ஆசிரியர் அந்தத் திட்டத்துக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு நாற்பது தாள். ஆனால் இல்லாத புத்தகத்தைக் கண்டுபிடிக்கிற மூக்கு, இருக்கிற புத்தகங்களோடு நாள் முழுக்கக் கிடக்கிறவருக்குத்தான் வரும்.

இப்போது அவளே கீழ் வகுப்புப் பிள்ளைகளிடம், "நூலகத் தளத்துல தேடிப் பாத்தியா?" என்று மிரட்டிக்கொண்டு திரிகிறாள்.

லேப் பொறுப்பு | புதன், காலை 6.40

இதெல்லாம் கணினி வகுப்பில் செய்ய வேண்டியது. படத்தைத் திருப்பித் தேடுவது எப்படி, இணையதள முகவரியை எப்படிப் படிப்பது, இரண்டே வகுப்பில் முடித்துவிடலாம். கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்தது, நூலகரைத் தேடிக்கொண்டு உட்காரவில்லை. நமக்கும் ஹைடெக் லேப் இருக்கிறது. நெட் இருக்கிற நாளில் நடத்தலாம். (இல்லாத நாளைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

பழைய கிளை | புதன், காலை 10.20

பொது நூலகத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். ராமேசுவரம், சாயல்குடி எல்லாம் பார்த்தாகிவிட்டது.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது, 1948. வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். ஆனால் அது ஊர் நூலகத்துக்கு. பள்ளி நூலகம் அந்தக் கணக்கில் வராது, அது பள்ளிக்கல்வியின் வீட்டுப் பிள்ளை. எப்போதும் கடைசிப் பந்திதான். அதனால்தான் வாத்தியார் கையில் சாவி இருக்கிறது, நூலகர் இல்லை.

பிள்ளைகளுக்கு நான் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. 'பக்க எண் கொண்டு வா.' அக்டோபர் 15 வந்தால் போதும், அப்துல் கலாம் பிறந்தநாள் பேச்சுப்போட்டிக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவர் சொன்னதாக ஒரு கட்டுப் பொன்மொழியோடு வருவார்கள். ஐயா பிறந்த ஊர், அவருக்கு இல்லாத உரிமையா என்று விட முடியாது. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பேன். தேடுவார்கள். பத்தில் ஏழு கிடைக்காது. கிடைத்த மூன்றை மேடையில் சொல்லச் சொல்வேன். தேடின வேகத்தில் இரண்டு அத்தியாயம் படித்துவிட்டிருப்பார்கள், அது எனக்குக் கூலி.

லேப் தம்பிக்கு ஒரு வார்த்தை. கருவியை இரண்டு வகுப்பில் பழக்கிவிடலாம். கேள்வி கேட்கும் பழக்கம் இரண்டு வகுப்பில் வராது. கணக்கு வாத்தியாராக இருந்த சீர்காழி ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆரம்பத்தில் அந்த நாற்காலியில் உட்காரவே அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு உலகமே அவரிடம் நூலகவியல் கற்றது. வாத்தியாரே நூலகராகலாம், மனசு இருந்தால்.

அட்டவணைப் பெட்டி | புதன், மதியம் 1.15

அய்யா, ரங்கநாதன் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அவரை லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். யூனிவர்சிட்டி காலேஜில் படித்து, அங்கே நூலகம் நூலகமாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவர் ரங்கநாதன். மனசு மட்டும் போதும் என்று சொல்லிச் சொல்லியே வாத்தியார் சார் மாதிரி ஆட்கள் தலையில் இன்னொரு சாவியைக் கட்டுகிறார்கள். பயிற்சியும் கொடுக்கட்டும், பாடவேளையும் குறைக்கட்டும், அப்புறம் மனசைப் பற்றிப் பேசலாம்.

பழைய கிளை | புதன், மதியம் 1.40

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. இந்த வயதிலும் எனக்கு ஒருத்தர் பக்க எண் கேட்கிறார்.

கீழக்கரை லாத்தா | புதன், மாலை 4.30

பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு போன். பிள்ளைகளின் வாப்பா துபாயில். அவர் அங்கிருந்து அனுப்புகிற செய்தியை இங்கே யாரும் சந்தேகப்படமாட்டோம், வாப்பா அனுப்பியது பொய்யாக இருக்குமா? அவருக்கு யார் அனுப்பினார்கள் என்று என் சின்ன மகள்தான் கேட்டாள். கேட்டுப் பார்த்தால் அறையில் கூட இருக்கிறவர், அவருக்கு அவர் மச்சான், அவருக்கு ஏதோ ஒரு குரூப். நாலாவது ஆளுக்கு மேல் போக முடியவில்லை.

இதில் கஷ்டம் என்னவென்றால், பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதைத்தான் பிள்ளைக்கு முதலில் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. "இது பொய் வாப்பா" என்றால் மனசு நோகும். "இது எங்கேர்ந்து வந்துச்சு வாப்பா?" என்றால் அவரே தேட ஆரம்பித்துவிடுகிறார்.

சேதுக்கரை | புதன், மாலை 5.05

அப்படியே ராமர் பாலம் பற்றி வருகிற படங்களையும் பிள்ளைகளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்களேன் பார்ப்போம். மிதக்கிற கல்லில் ஆரம்பித்து...

நெறியாளர் | புதன், மாலை 5.20

பாலத்துக்குத் தனி இழை ஓடுகிறது, 400 பதிவைத் தாண்டிவிட்டது. அங்கே போகவும். இங்கே தொடர்ந்தால் நீக்குவேன்.

மண்டபம் முகாம் | புதன், இரவு 8.00

கல்லை விடுங்கள், மீனுக்கு வாருங்கள். நீளமாக நாடா மாதிரி இருக்கிற ஓர்ஃபிஷ் எங்காவது வலையில் பட்டால் உடனே அழிவு வரப்போகிறது, டூம்ஸ்டே மீன் என்று செய்தி வரும். நான் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவன், இதை ஒரு நாள் பாடமாகவே எடுத்தேன். ஜப்பானில்தான் அந்த நம்பிக்கை, அங்கேயே ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆழ்கடல் மீன் தென்பட்ட 336 சம்பவங்களையும் 221 நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டதில் பொருந்தி வந்தது ஒன்றே ஒன்று. அந்த எண்களைப் பலகையில் எழுதியதும் ஒரு பையன், "அப்ப அந்த ஒண்ணு எப்படி சார்?" என்றான். தற்செயல் என்றால் என்ன என்று விளக்கவே மீதி நேரம் போயிற்று.

வாடைக்காற்று | புதன், இரவு 10.30

எல்லோரும் வாட்ஸாப்பைத் திட்டுகிறீர்கள். அதிகாரப்பூர்வமான இடத்தில் பாருங்கள், தீர்ந்தது என்கிறீர்கள். 2004 டிசம்பர் 30 ஞாபகம் இருக்கிறதா? சுனாமி வந்த நாலாம் நாள். மறுபடி அலை வரலாம் என்று சொன்னது எந்த வதந்திக்காரனும் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகம். கரை முழுக்க ஓடினோம். என் பாட்டியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். அலை வரவில்லை. 26-ம் தேதியே இலங்கை மறைத்ததால் நமக்கு நாகப்பட்டினம் அளவுக்குச் சேதம் இல்லை, இருந்தாலும் அன்றைக்கு யார் நின்று யோசிப்பார்கள்?

அந்த நேரத்தில் பக்க எண் கேட்டுக்கொண்டா நிற்பது? இதற்கு உங்கள் நூலகர்கள் என்ன சொல்லித்தருவார்கள் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

கடற்கரை வாத்தியார் | வியாழன், இரவு 9.30

வாடைக்காற்றின் கேள்வி ஒரு நாள் முழுக்க என்னை விடவில்லை. இன்று வகுப்பில் அப்படியே கேட்டுவிட்டேன்.

பிள்ளைகள் சொன்னது இது. கூண்டு ஏறிவிட்டது என்பது பொய்யாக இருந்து அதை நம்பினால் ஒரு நாள் பாடு போகும். கூண்டு இறங்கிவிட்டது என்பது பொய்யாக இருந்து அதை நம்பினால் ஆளே போய்விடும். ஆக, இரண்டுமே பொய்தான், ஆனால் ஒரே மாதிரிப் பொய் இல்லை. ஓடச் சொன்னால் முதலில் ஓடிவிட்டு மேட்டில் நின்று சரிபார்க்கலாம். போகச் சொன்னால் சரிபார்த்துவிட்டுத்தான் படகில் ஏற வேண்டும். இதைச் சொன்னது அந்தக் கடைசி பெஞ்ச் பையன்தான். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கிறார்களா இல்லையா என்று அவன் அப்பா மீன்துறையில் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாராம், பாம்பன் கடல் ஓசை ரேடியோவையும் கேட்பாராம். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் கேட்பது அவர்கள் வீட்டில் தொழில். நான் அதற்கு ஒரு பாடப் பெயர் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்டான்ஃபோர்டில் வைன்பர்க், மெக்ரூ என்ற இருவர் செய்த ஆய்வைப் படித்தேன். பத்து வரலாற்றாசிரியர்கள், பத்துத் தகவல் சரிபார்ப்பாளர்கள், இருபத்தைந்து மாணவர்கள். படித்த பேராசிரியர்களே பளிச்சென்று இருக்கிற இணையதளத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் அந்தப் பக்கத்திலேயே நிற்காமல், சட்டென்று வெளியே வந்து மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். டோக்கன் கேட்கப் போகிற அப்பாவும் அதைத்தான் செய்கிறார் என்று தோன்றியது.

பாசி | வியாழன், இரவு 11.15

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். நான் இப்போது மதுரையில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

எங்கள் பள்ளியிலும் நூலகம் இருந்தது. ஆறு வருஷத்தில் உள்ளே போனது இரண்டு முறை, இரண்டும் பெருக்குவதற்கு. கல்லூரியில் முதல் கட்டுரைக்கு மேற்கோள் தரச் சொன்னபோது, இணையத்தில் இருந்த எதையோ அப்படியே எடுத்து எழுதிவிட்டு கீழே 'கூகுள்' என்று போட்டேன். வகுப்பே சிரித்தது. கூகுள் என்பது கடை, அதில் சரக்கு யாருடையது என்று எழுதணும் என்று கல்லூரி நூலக அக்கா ஒருவர்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை எட்டாம் வகுப்பில் யாராவது சொல்லியிருக்கலாம்.

சார், நூலகர் வருகிறாரோ இல்லையோ, கதவைத் திறந்து வையுங்கள்.

தொண்டிக்காரன் | வெள்ளி, காலை 7.10

இது சரி. பாப்பா சொன்னதை நான் எதிர்க்கமாட்டேன்.

அட்டவணைப் பெட்டி | வெள்ளி, காலை 9.00

வாத்தியார் சார், அடுத்த வேலைக்கு ஒரு யோசனை. 1964 தனுஷ்கோடிப் புயலில் மூழ்கிய ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 115 என்று ஒன்று கிடைக்கும், 200-ஐ ஒட்டி இன்னொன்று கிடைக்கும். தேதியும் ஒன்றில் 22, ஒன்றில் 23 என்று இருக்கும். எது சரி என்று கேட்காதீர்கள், ஏன் மாறுகிறது என்று கேளுங்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை யார் எண்ணியிருப்பார்கள், நள்ளிரவுக்குச் சற்று முன் நடந்ததை எந்தத் தேதியில் எழுதுவது என்பதுவரை அவர்களே வந்துவிடுவார்கள். ஊரில் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். யாரிடம், எப்போது கேட்டது என்று பெயரும் தேதியும் எழுதிவரச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் இருக்கிற பழைய நாளிதழ்த் தொகுப்பைப் பிரதி எடுத்துத் தருகிறேன்.

கடற்கரை வாத்தியார் | வெள்ளி, இரவு 8.45

பிரதிக்கு நன்றி டீச்சர், திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன். தலைமையாசிரியரிடம் பேசினேன். மதிய இடைவேளையில் நூலகம் திறந்திருக்கும். சாவி என்னிடம் இல்லை, ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறேன், 45-ம் 61-ம். கணக்கு சார் பாடவேளையைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார், அந்தப் பேச்சு இன்னும் ஓடுகிறது.